பினிக்ஸ் குன்றும் ‘இணை’ என்ற சொல்லும்

1

பினிக்ஸ் குன்றில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்களில் யாராவது ஏதென்ஸ் போய், வெயிலில் ஏறி, மூச்சு வாங்க நின்று என்னைத் திட்டக் கூடாது.

நான் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளன். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள். இங்கே எங்கள் வட்டாரத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். அதற்கு நான் செயலாளர். வேலை விஷயமாக ஏதென்ஸ் துறைமுகத்துக்கு ஐந்து நாள் போகிறேன் என்று தெரிந்ததும் சங்கத் தலைவர் ராமநாதன் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘மக்களாட்சியின் தொட்டிலில் ஒரு நாள்’. திரும்பி வந்து எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “முதல் பக்கம் அருமை தம்பி. மிச்சத்தை எடுத்துட்டாப் போட்டுடலாம்” என்றார்.

மிச்சம்தான் விஷயம். ஆகவே அந்த மிச்சத்தையும், அதன் பிறகு நடந்ததையும் சேர்த்து ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால்.

2

சிங்கப்பூரில் நம்மவர்கள் இரண்டு வகை. வேலை அனுமதி அட்டையின் பெயரை வைத்து, பாஸ், பெர்மிட். படித்துவிட்டு அலுவலக வேலைக்கு வந்தவன் பாஸ். கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் உடம்பால் உழைக்க வந்தவன் பெர்மிட். அட்டை கொடுத்தவர்கள் வேலைக்காகக் கொடுத்தார்கள். அதைச் சாப்பாட்டுப் பந்திக்கும் கல்யாணப் பேச்சுக்கும் தூக்கிக்கொண்டு போனவர்கள் நாம். எனக்குப் பெண் பார்க்கிறோம் என்று ஊரிலிருந்து அழைத்தவர்களில் ஒருவராவது என் சம்பளத்தையோ குணத்தையோ முதலில் கேட்டதுண்டா? “மாப்பிள்ளை என்ன பாஸ்?” என்பதுதான் முதல் கேள்வி. கேட்டவர்களுக்கு இங்கே வந்து இறங்கும் விமான நிலையத்தின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் பாஸ் தெரியும்.

என் அண்ணன் செல்வராசு பெர்மிட். பதினான்கு வருடமாகச் சாரம் கட்டுகிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் நிற்காமல் படித்ததற்கு அவர் நின்றதுதான் காரணம் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நான் வந்து ஆறு வருடம் ஆகிறது. நான் பொங்கோலில் வாடகை அறையில் இருக்கிறேன். அவர் துவாஸ் பக்கம் தொழிலாளர் விடுதியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் கூடும் தேக்கா சந்தையில் சந்திப்போம். முதல் தடவை சந்தித்தபோது என் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நீ பாஸு, நான் பெர்மிட்டு. பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தானடா?”

சங்கம் தொடங்கியபோது விதிகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. வேறொரு சங்கத்தின் ஆங்கில விதித் தொகுப்பைக் கையில் கொடுத்து, இதைப்போலச் செய் என்றார்கள். அதில் எட்டாவது விதி, பெர்மிட்டில் இருப்பவர்கள் சங்கத்தில் சேரலாம், ஆனால் பொதுக்குழுவில் பேசவோ வாக்களிக்கவோ முடியாது என்றது. நான் கேள்வி கேட்காமல் அப்படியே எங்கள் விதிகளிலும் எழுதினேன். எனக்கு முதன்முதலாக ஒரு சட்ட ஆவணத்தை எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. காற்புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்பதுதான் என் கவலை.

ஆங்கில விதி கோப்புக்குள் போய்விட்டது. ஆட்களிடம் கொடுக்கத் தமிழில் உறுப்பினர் படிவம் தேவைப்பட்டது. இந்த இரண்டாம் வகைக்கு என்ன பெயர் வைப்பது? முதலில் ‘துணை உறுப்பினர்’ என்று எழுதினேன். படித்தால் முகம் சுளிப்பார்கள் என்று தோன்றியது. ஒரு எழுத்தை மாற்றினேன். ‘இணை உறுப்பினர்.’

ராமநாதன் சார் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். “ஒரே ஒரு எழுத்து. எவ்வளவு நாசூக்கு பாத்தியா தம்பி? படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். பெருமையாகத்தான் இருந்தது.

3

அண்ணன் அந்தப் படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். இணை என்றால் அவருக்குத் தெரியும். உனக்கு இணையாக எவனும் இல்லை என்கிறோமே, அந்த இணை. சமம். விடுதியில் அவர் அறையில் இருக்கும் பத்துப் பேரிடமும் படிவத்தைக் காட்டியிருக்கிறார். “என் தம்பி எழுதினது. நம்மளையும் அவங்களையும் இணைன்னு போட்டுருக்கான் பாரு.” எல்லோரும் சேர்ந்தார்கள். பொங்கலுக்கு இருபது அடி உயரப் பந்தலை இவர்கள்தான் கட்டினார்கள். சாரம் கட்டுகிறவன் கட்டிய பந்தல் எப்படி நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன வருடப் பொதுக்குழுவில் பொங்கல் விழாவைச் சனிக்கிழமைக்கு மாற்றலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. ஞாயிறு இரவு ஓய்வெடுத்தால்தான் திங்கட்கிழமை அலுவலகம் போக வசதி என்றார்கள். சனிக்கிழமை கட்டட வேலை உண்டு. பின்வரிசையில் இருந்த அண்ணன் கையைத் தூக்கினார்.

“சனிக்கிழமன்னா நாங்க எப்படிங்க வர்றது?”

ராமநாதன் சார் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்பட மாட்டார். “கையை இறக்குங்க தம்பி. இணை உறுப்பினர் பேச விதியில இடம் இல்ல.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். குனிந்து எழுதினேன். எழுத ஒன்றும் இல்லாதபோதும் எழுதினேன். நிமிர்ந்தபோது கை இறங்கியிருந்தது. அந்தச் சனிக்கிழமை விழாவுக்கான பந்தலை அண்ணனும் விடுதி ஆட்களும் முந்தின நாள் வேலை முடிந்து வந்து கட்டிக் கொடுத்தார்கள். விழாவைப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொன்னார்: “நீ நல்லாத்தாண்டா எழுதியிருந்த. அந்தாளு அர்த்தத்த மாத்திப்புட்டாரு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் சொல்லவில்லை.

4

இனி ஏதென்ஸ். வேலை ஒரு நாள் முன்னதாக முடிந்தது. உடன் வந்தவர் கவிதா அக்கா, என் மேலாளர். சிங்கப்பூரிலேயே பிறந்தவர், அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடுகிறவர். அவருடைய தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம். பழைய கோயில்கள் இருக்கும் அக்ரோபோலிஸ் குன்றில் கூட்டம் அதிகம் என்பதால் எதிரே இருக்கும் பினிக்ஸ் குன்றுக்குப் போகலாம் என்றேன். பழங்காலத்தில் குடிமக்கள் கூடிக் கையைத் தூக்கி வாக்களித்த இடம். கட்டுரைக்குத் தலைப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறதே.

டாக்சிக்காரரிடம் ‘பீனிக்ஸ்’ என்று சொல்லித் தொலைத்தேன். நம் வாய்க்குப் பறவைதான் வருகிறது. அவர் அந்தப் பெயரில் இருந்த ஒரு விடுதி வாசலில் இறக்கிவிட்டார். அங்கிருந்து வெயிலில் நடந்தோம்.

மேலே போனால் சரிவான மொட்டை வெளி. ஒரு பக்கம் பாறையைக் குடைந்து செய்த படிமேடை. பேச்சாளர்கள் அதன்மேல் நின்று பேசினார்களாம். ஏறக் கூடாது என்று தடுப்பு வைத்திருக்கிறார்கள். காய்ந்த புல், ஒரு தகவல் பலகை, சிகரெட் துண்டுகள்.

கவிதா அக்கா இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தார். “இதுக்கா ஏற வெச்ச? வெறும் பாறை லா. நம்ம அடுக்குமாடி புளோக் கீழ இருக்கிற விளையாட்டு இடம் இதவிட பெட்டர்.”

பெரியவர்கள் மேடையில் வணக்கம் சொன்னவுடன் இந்தப் பாறையைத்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நானே இரண்டு முறை இந்தப் பாறையைச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அக்கா பலகையைப் படித்துவிட்டு அழைத்தார்.

“டேய், யாருக்கெல்லாம் ஓட்டுன்னு பாத்தியா? ஆம்பளைங்க மட்டும். அதுலயும் அப்பா அம்மா ரெண்டு பேரும் உள்ளூரா இருக்கணும். அடிமைக்கு இல்ல. வெளியூர்லேருந்து வந்து தங்கினவங்களுக்கு இல்ல. நானும் அவுட், நீயும் அவுட். எதுக்கு லா டாக்சி எடுத்து வந்தோம்?”

வெளியூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்திருக்கிறார்கள். வரி கட்டியிருக்கிறார்கள், போருக்குப் போயிருக்கிறார்கள். குன்றில் ஏறிக் கையைத் தூக்க மட்டும் முடியாது.

அக்கா மகளுக்கு வீடியோ அழைப்பு போட்டுப் பாறையைக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு மறுவாரம் தமிழ்த் தேர்வு. பாறையைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சலித்துக்கொண்டாள். “தமிழ்ல சொல்லு. இங்க என்ன கண்டுபிடிச்சாங்க? ம... மக்க...” என்று அக்கா எடுத்துக் கொடுத்தார்.

“மக்களாட்சி. மா, மக்கள்னா எவ்ரிபடியா?”

“எக்ஸாம்ல அப்படியே எழுது. மார்க் கிடைக்கும்” என்று அக்கா அழைப்பைத் துண்டித்தார்.

பக்கத்தில் ஒரு சுற்றுலாக் குழுவுக்கு வழிகாட்டி ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஓசியில் கேட்டோம். கூட்டத்துக்கு வராமல் சந்தையிலேயே அரட்டையடித்து நிற்கும் குடிமக்களை மேலே துரத்த ஒரு ஏற்பாடு இருந்ததாம். நீளமான கயிற்றைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு சந்தையைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். சாயம் பட்டவனுக்குத் தண்டனை. உடைக்குப் பயந்து எல்லோரும் குன்றுக்கு ஓடுவார்கள். கயிற்றைப் பிடித்தவர்கள் யார் என்றால், அரசுக்குச் சொந்தமான அடிமைகள். சுற்றுலாக்காரர்கள் சிரித்தார்கள். வேடிக்கையான கதைதான்.

எனக்கு அந்தக் குன்றின்மேல் அவ்வளவு வெறுப்பு வந்தது. வாக்குப் போட வா என்று ஒருவனைத் துரத்துகிறவன், தான் வாசலோடு நின்றுவிட வேண்டும். அதற்கு ஒரு விதி இருந்திருக்கும். விதி என்றால் அதை ஒருவன் உட்கார்ந்து எழுதியிருப்பான். எழுதியவன் கெட்டவனாக இருந்திருக்க மாட்டான். எழுதத் தெரிந்தவனாக இருந்திருப்பான், அவ்வளவுதான்.

“என்னடா மூஞ்சி இப்படி இருக்கு? தண்ணி குடி” என்றார் அக்கா.

5

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைத் தேக்கா உணவங்காடியில் பார்த்தேன். புரோட்டா வாங்கி வைத்திருந்தார். கயிற்றுக் கதையைச் சொன்னேன். மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அந்தக் கயிறு புடிச்சவன் மேல ஏறிப் பாக்கவே இல்லையா?”

“விட மாட்டாங்கண்ணே.”

“மேல போனவன்ல எவனாச்சும் ஒருத்தன், இவனையும் விடுங்கடான்னு கேட்டிருக்க மாட்டான்?”

“தெரியலண்ணே.” அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. “அண்ணே, தலைவர் அர்த்தத்தை மாத்தல. இணைன்னா அந்தப் படிவத்துல கீழன்னுதான் அர்த்தம். பேசக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாதுன்னு இங்கிலீஷ்ல நான்தான் எழுதினேன். துணைன்னு போட்டா வருத்தப்படுவீங்கன்னு இணைன்னு போட்டேன்.”

“தெரிஞ்சேதான் போட்டியா?”

“தெரிஞ்சேதான்.”

புரோட்டாவைப் பிய்த்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை. பக்கத்து மேசையில் யாரோ ஊருக்கு அழைத்து, கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டு முழுக்கத் துண்டுகள் ஆனபிறகு கையைத் துடைத்தார்.

“பத்துப் பேருகிட்ட காட்டினேன்டா அந்தத் தாள” என்றார். “அவனுங்களுக்கு நான் என்ன சொல்றது? என் தம்பி நல்லா ஏமாத்தி எழுதுவான்னா?”

அந்த எட்டாவது விதியை எடுக்கச் சொல்லி இந்த வருடப் பொதுக்குழுவில் நானே தீர்மானம் கொண்டு வருகிறேன் என்றேன்.

“கொண்டா. நானும் வர்றேன். கையத் தூக்குறேன். நீ என்ன எழுதுறன்னு பாக்குறேன்.” எழுந்து போய்விட்டார். இந்த ஆறு வருடத்தில் அவர் என் எதிரில் சாப்பாட்டை மீதி வைத்துவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

6

பொதுக்குழு சிராங்கூன் சாலைக்குப் பின்னால், மளிகைக்கடை மாடியில் நடந்தது. கறிவேப்பிலை வாசனை படி வழியாக ஏறி வந்தது. முன்வரிசையில் பெரியவர்கள், அவர்கள் பிள்ளைகள் சுவரோரம் கைப்பேசியில். பின்னால் அண்ணன் தனியாக. விடுதி ஆட்கள் யாரும் வரவில்லை. ஏன் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

தீர்மானத்தை வாசித்தேன். விதியை எழுதியவன் நான்தான் என்றும், ‘இணை’ என்ற சொல்லை எதற்காகப் போட்டேன் என்றும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

ராமநாதன் சார் அமைதியாகக் கேட்டார். “தம்பி கிரீஸ் போய் வந்ததுல கொஞ்சம் சூடா இருக்காரு. தப்பில்ல. ஆனா யோசிங்க. அவங்க வந்து போறவங்க. சங்கம் நெலையா இருக்கணும்.”

“அண்ணன் வந்து பதினாலு வருஷம் ஆச்சு சார். நான் வந்து ஆறு. என் பாஸை அடுத்த மாசம் புதுப்பிக்கணும். கிடைக்கலைன்னா நான்தான் வந்து போனவன்.”

“அதெல்லாம் இல்ல, மேலேருந்து, சங்கம் பதியிற ஆபீஸ்ல, ஒத்துக்க மாட்டாங்க.”

“எங்க எழுதியிருக்கு சார்? ரெண்டு வருஷமா யாரும் எனக்குக் காட்டல.”

முன்வரிசையில் ஒருவர் திரும்பி, “இவன் படிச்சதே அண்ணன் தயவுல, அந்த நன்றிக்குப் பேசுறான். பேசட்டும்” என்றார். சிரித்தார்கள். நன்றி என்று அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. நன்றியாக இருந்திருந்தால் அந்த விதியை எழுதியிருக்கவே மாட்டேன்.

வாக்கெடுப்புக்கு விட்டார். ஆதரவாகச் சில கைகள் எழுந்தன. நான் எதிர்பார்க்காத இரண்டு பேர்கூடத் தூக்கினார்கள். பின்வரிசையில் அண்ணன் கையும் எழுந்தது. வருடக்கணக்கில் இரும்புக் குழாயைத் தூக்கிய கை, நேராக.

“அது கணக்குல வராது” என்றார் ராமநாதன் சார். “இறக்குங்க தம்பி.”

“எண்ண வேணாங்க. நான் எண்ணச் சொல்லல. எறக்க மாட்டேன்.”

எதிர்க்கைகளை எண்ணினார்கள். தீர்மானம் தோற்றது. தலைவர் அடுத்த பொருளுக்குப் போனார். பொங்கல் விழா, இந்த வருடமும் சனிக்கிழமை. அதன் பிறகு மலர்க் குழு. அதன் பிறகு நன்றியுரை யார் என்பது. அண்ணன் கை இறங்கவில்லை. ஒரு கட்டத்தில் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அறையில் எல்லோருக்கும் அது தெரிந்தது. எல்லோரும் மேசைமேல் இருந்த தண்ணீர்ப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் தலைவர் வழக்கப்படி கேட்டார். “வேற யாராவது பேசணுமா?” அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் பார்வை அந்தக் கைக்கு மேலே போய், சுவர்க் கடிகாரத்தில் நின்றது. “யாரும் இல்ல. முடிச்சுக்கலாம்.”

இந்த இடத்தில் கூட்டக் குறிப்பில் ஒரு வாக்கியம் எழுதுவோம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நானே எழுதியிருக்கிறேன்: ‘பேச வேறு எவரும் முன்வராததால் கூட்டம் இனிதே நிறைவுற்றது.’ அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இப்படி எழுதினேன்:

‘சாரத் தொழிலாளி செல்வராசு பேசுவதற்காகக் கையைத் தூக்கி, கூட்டம் முடியும்வரை இறக்காமல் இருந்தார். தலைவர் அவரை அழைக்கவில்லை. கூட்டம் நிறைவுற்றது.’

‘இனிதே’ என்பதை விட்டுவிட்டேன். ராமநாதன் சார் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். மாற்றி எழுதித் தரச் சொல்லி மூன்று முறை அழைத்துவிட்டார். எழுத வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.